பதினாலாம் நம்பர் நாடகம்

கவுண்டர் அஞ்சு மணிக்குத்தான் சார் திறப்பாங்க. கதவைத் தட்டாதீங்க, உள்ளே ஆள் இருந்தாலும் எந்திரிச்சு வரமாட்டாங்க. இப்படிப் படியில உக்காருங்க. நிழலாத்தான் இருக்கு.

சீசன் டிக்கெட்டா? ஆறு நாடகத்துக்கும் சேர்த்தா? நல்லது. ஊருக்குப் புதுசுன்னு நெனைக்கிறேன். மாத்தலாகி வந்தீங்களா? பார்த்தாலே தெரியுது. நாகப்பட்டினத்துக்காரன் எவனும் இந்த போர்டை இவ்வளவு நேரம் நின்னு படிக்க மாட்டான். எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு. எனக்கும்தான். தையிலேர்ந்து ஆனி வரைக்கும் மாசத்துக்கு ஒண்ணு. மூணு சிரிப்பு நாடகம், மூணு பாட்டு நாடகம். மேலே கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க பாருங்க, ‘இந்த ஆண்டு அழுகை கிடையாது’ன்னு. என்னமோ இத்தனை வருஷமா நான் ஜனங்களைக் கட்டிவச்சு அழ வச்ச மாதிரி.

அடியில வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கில்ல? அதுக்குக் கீழே ‘ஆலோசகர்: தி. அமிர்தகடேசன்’னு இருந்துச்சு. அது நான்தான். நான் ராஜிநாமா பண்ணினேன். காலையில பத்து மணிக்குக் கடுதாசி கொடுத்தேன், மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள தாள் ஒட்டிட்டாங்க. ஒரு நாள் யோசிக்கட்டும்னுதான் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை.

முழுக்கச் சொன்னாத்தான் சார் உங்களுக்குப் புரியும். டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கறது நல்லது.

நான் தபால் ஆபீஸ்ல முப்பத்திநாலு வருஷம் வேலை பார்த்தவன். கடைசி ஒன்பது வருஷம் போஸ்ட் மாஸ்டர். சாயந்திரமானா இந்த நாடகக் கழகம்தான். இருபத்திமூணு வருஷம் இங்கே கதை நான், டைரக்‌ஷன் நான், கதாநாயகன் நான். யாரும் என்னைக் கேக்கல, நானாத்தான் எடுத்துப்போட்டுச் செஞ்சேன். எல்லாம் கனமான நாடகம். கடைசிக் காட்சியில நான் செத்துப்போவேன். சும்மா பொசுக்குன்னு சாகறது இல்லை சார், பதினோரு நிமிஷம். கடிகாரம் வச்சுப் பார்த்திருக்கோம். போன வருஷம் நான் செத்துக்கிட்டு இருக்கறப்பவே பாதி ஜனம் துக்கம் தாங்காம எந்திரிச்சு வெளியே போயிட்டாங்க. நான் கண்ணை மூடிக் கிடக்கேன், நாற்காலி நகர்ற சத்தம் வரிசையா கேக்குது. அப்படியொரு துக்கம்.

ஆனா செயலாளர் ரத்தினம் அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டான். ரத்தினசபாபதி. கடைத்தெருவுல போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கான். நாப்பது வருஷ சிநேகிதம் எங்களுக்கு. ஆடியில ஒருநாள் வந்து சொல்றான், “அமிர்தம், ஜனங்க வரமாட்டேங்கறாங்கடா. வீட்ல இல்லாத அழுகையா, அதுக்கு மெனக்கெட்டு இங்க வரணுமாங்கறாங்க. ஒரு வருஷம் சிரிப்பும் பாட்டுமா போட்டுப் பார்ப்போம். புதுசா எழுதறவங்களும் எழுதட்டும்”னு.

எனக்குச் சம்மதமில்லை. இருந்தாலும் பிடிவாதக்காரன்னு பேர் வரக்கூடாதேன்னு ஒத்துக்கிட்டேன். நாடகத்தைத் தேர்ந்தெடுக்க மூணு பேர். நான், எஸ்தர் டீச்சர், ஜபருல்லா. எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்துல பாட்டுச் சொல்லித் தர்றவங்க. ஜபருல்லா நாகூர்க்காரன், குடைக்கடை வச்சிருக்கான். என் நாடகத்துல பதினேழு வருஷமா வாட்ச்மேனா வருவான், இல்லேன்னா கார் டிரைவரா வருவான். “ஐயா, டாக்டர் வந்துட்டாரு”ன்னு சொல்லிட்டு ஓரமா நிப்பான். நல்ல பையன். வயசு ஐம்பது ஆகுது.

யார் எழுதினதுன்னு தெரியக்கூடாதுன்னு ரத்தினம் பேரை எடுத்துட்டு நம்பர் போட்டு எங்ககிட்ட கொடுத்தான். மொத்தம் இருபத்திமூணு வந்துச்சு. பேர் இல்லாட்டி என்ன சார்? ஊர்ல யாரோட எழுத்தையும் பார்த்தவுடனே சொல்லிடுவேன் நான். முப்பத்திநாலு வருஷம் இந்த ஊர்க் கடுதாசியைப் பார்த்த கண்ணு. அனுப்பினவன் விலாசம் இல்லாத கவரைக்கூட இது கீழத்தெரு முனுசாமி எழுத்துன்னு எடுத்துத் தனியா வைப்பேன். அந்த இருபத்திமூணுல ஒன்பது பேரைக் கண்டுபிடிச்சேன்.

பதினாலாம் நம்பர் மட்டும் எந்தப் பக்கத்துலயும் பிடி கொடுக்கல. கோடு போட்ட நோட்டுல, நீல மசியில, அடித்தல் திருத்தல் இல்லாம எழுதியிருந்துச்சு. யாரோ வெளியூர்க்காரர், நல்லாப் படிச்சவர்னு முடிவு பண்ணினேன். நாடகத்துக்குப் பேரு ‘தலைவர் வீட்டில் இருக்கிறார்’. போர்டுல முதல்ல இருக்கே, அதுதான்.

கதை என்னன்னா, கஜபதின்னு ஒருத்தர். ரிட்டயர் ஆனவர். ஆபீஸ் கைவிட்டுப் போனதால, இப்ப வீட்டை ஆபீஸா நடத்தறாரு. நாற்காலியை விட்டு எந்திரிக்காமலே “மோட்டார்!”னு குரல் கொடுப்பாரு, பொண்டாட்டி ஓடிப்போய் நிறுத்தணும். பேப்பரை உரக்கப் படிச்சு, அதுக்கு என்ன அர்த்தம்னு அவளுக்குப் பாடம் எடுப்பாரு. எதைச் சொன்னாலும் சுண்டுவிரலை மடக்கி, ‘முதல் விஷயம்’, அடுத்த விரலை மடக்கி, ‘ரெண்டாவது விஷயம்’. சாப்பிட உக்காந்தா, “இந்தச் சாம்பாருக்கு உப்பு யாரு போட்டது?”ம்பாரு. வீட்ல இருக்கறதே ரெண்டு பேர் சார்! யாரு போட்டதுன்னு விசாரணை! அந்த இடத்துல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு சிரிச்சு. தோள்ல கிடந்த துண்டால கண்ணைத் தொடச்சுக்கிட்டேன். அப்படியே ரத்தினம்! ரத்தினத்தை உரிச்சு வச்சிருக்கான் எழுதினவன்!

அந்த மனுஷி, கஜபதி பொண்டாட்டி, நாடகம் பூரா “ஏங்க, ஒரு விஷயம்”னு ஆரம்பிப்பா. ஒரு தடவைகூட முடிக்க மாட்டா. அவர் விட்டாத்தானே? அது நல்ல உத்தி. எழுதத் தெரிஞ்சவன் செய்யற வேலை.

வீட்ல நீலாகிட்ட படிச்சுக் காட்டினேன். நீலாயதாட்சி, என் சம்சாரம். இந்த ஊர் அம்மன் பேரு. நல்ல மாதிரி சார், அதிகம் பேசமாட்டா. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம், குரல் உசத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. நாடகம்னா அவளுக்கு என்ன தெரியும்? என் நாடகம் நடக்கறப்ப திரைக்குப் பின்னாடி புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருப்பா, அவ்வளவுதான். எனக்கு வசனம் எல்லாம் அத்துப்படி. உணர்ச்சி பொங்கறப்ப ஒரு பக்கம் ரெண்டு பக்கம் அப்படி இப்படிப் போயிடும், அப்ப எடுத்துக் கொடுப்பா. ஒரு தடவை நான் சுத்தமா நின்னுட்டேன். அவ புத்தகத்துல இல்லாத ஒரு வரியைத் தானா இட்டுக்கட்டிச் சொல்லிட்டா. நானும் சொல்லிட்டேன். அதுக்குக் கைதட்டல் வேற. வீட்டுக்கு வந்து கண்டிச்சேன், எழுதினவன் எழுதினதைத்தான் சொல்லணும், நீயா எதையும் சேர்க்கக்கூடாதுன்னு. சரின்னுட்டா.

எங்க பொண்ணு அஞ்சாவது படிக்கறப்ப ஒருநாள் நீலா நாலு பக்கம் எழுதிக்கிட்டு வந்து காட்டினா. எல்லாம் சமையக்கட்டுச் சங்கதி. நான் நயமாத்தான் சொன்னேன், “நீலா, இதெல்லாம் வீட்டுக்குள்ள பேசிச் சிரிக்கறதுக்கு. மேடைங்கறது வேற”ன்னு. அவளும் மடிச்சு வச்சுக்கிட்டா. அதோட அந்த விஷயம் முடிஞ்சுது.

இந்த ஐப்பசியில, பதினாலாம் நம்பரைப் படிச்சுக் காட்டறேன். கரண்டியோட சமையக்கட்டு வாசல்ல நின்னு கேட்டா. சிரிக்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா.

“நல்லாருக்கா?”ன்னு கேட்டா.

“நல்லாருக்காவா? உனக்குப் புரியலையா?”ன்னு ஒவ்வொரு இடத்துலயும் ஏன் சிரிக்கணும்னு விளக்கிச் சொன்னேன். உப்பு இடத்தை ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன்.

“ஏங்க, ஒரு விஷயம்...”னா.

“இரு இரு, அடுத்த சீன் இன்னும் பிரமாதம்”னு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

கமிட்டி கூடினப்ப, டீச்சரும் ஜபருல்லாவும் பதினாலாம் நம்பரைத் தொடவே பயப்பட்டாங்க. மத்த அஞ்சையும் சட்டுப்புட்டுன்னு முடிவு பண்ணிட்டோம். இதுக்கு வந்தா ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. “சார், இது வேணாமே”ங்கறாங்க டீச்சர். “ஏன்?” “இல்ல சார், யாராவது மனசு சங்கடப்பட்டா...” “படட்டும்! நாடகம்னா அப்படித்தான்!”னேன். ஜபருல்லா பாவம், “அண்ணே, நீங்க நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”ன்னு மூணு தடவை கேட்டான். இவங்களுக்கு ரசனை போதலைன்னு எனக்குக் கோவம். பேனாவை எடுத்து, கமிட்டி நோட்டுல நானே எழுதினேன்: ‘இந்த ஆண்டின் தலைசிறந்த படைப்பு. ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது. முதல் நாடகமாகப் போட வேண்டும்.’ கையெழுத்தும் போட்டேன். ரத்தினம் முன்வரிசையில உக்காந்து தன்னையே பார்க்கறப்ப அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனைச்சு நெனைச்சு அன்னிக்கு வீடு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போனேன்.

டைரக்‌ஷன் எனக்குத்தான்னு நெனைச்சிருந்தேன். ரத்தினம் வந்து, எஸ்தர் டீச்சர்தான் டைரக்ட் பண்ணணும்னு எழுதினவங்க கேட்டிருக்காங்கன்னான். கஜபதியா ஜபருல்லா. நான் ஆலோசகர். எனக்கு முதல் அடி அதுதான் சார். இருந்தாலும் பொறுத்துக்கிட்டேன்.

மார்கழி முதல் ஞாயித்துக்கிழமை, உறுப்பினர்களுக்கு மட்டும் முன்னோட்டம்னு வச்சாங்க. ஆறு நாடகத்துலேர்ந்தும் ஒவ்வொரு காட்சி. சாயந்திரம் அஞ்சு மணி, இதே அரங்கம். நான் முன்வரிசை. நீலா பெண்கள் பக்கம் உக்காந்திருந்தா. கல்யாணத்துக்குக் கட்டற கத்திரிப்பூப் புடவை கட்டியிருந்தா. கோயிலுக்குப் போய்ட்டு வர்றா போலன்னு நெனைச்சேன்.

முதல்ல பதினாலாம் நம்பர். திரை தூக்கினா ஜபருல்லா நாற்காலியில உக்காந்திருக்கான். இடதுதோள்ல துண்டு, நாலா மடிச்சது. சரி, ரத்தினம் துண்டு போடமாட்டானேன்னு நெனைச்சேன். அடுத்து, பேசறதுக்கு முன்னாடி தொண்டையை ரெண்டு தடவை செருமினான். அப்புறம் கால் பெருவிரலாலயே ஸ்டூலை இழுத்து, அதுமேல காலைப் போட்டான். “மோட்டார்!”னான்.

சார், அது என் குரல்.

பதினேழு வருஷம் ஓரமா நின்னானே, என்னைப் பார்த்துக்கிட்டே நின்னிருக்கான்.

ஜனங்க சிரிக்கறாங்க. சிரிச்சுக்கிட்டே ஒவ்வொருத்தரா திரும்பி என்னைப் பார்க்கறாங்க. கெட்ட எண்ணத்துல இல்லை, அதுதான் இன்னும் மோசம். பிரியமாப் பார்க்கறாங்க. மருந்துக்கடை அலமேலு அம்மா எட்டி என் கையைப் பிடிச்சு, “அமிர்தம் சார், உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!”ங்கறாங்க. உப்பு வசனம் வந்தப்ப ஓடு பறந்துடும்போல ஒரு சிரிப்பு. நான் ரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சிரிக்கல. தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தான்.

காட்சி முடிஞ்சதும் மைக்கைப் பிடிச்சு, “எழுதியவர், நம்ம திருமதி நீலாயதாட்சி அமிர்தகடேசன்”னு சொன்னான். என் பொண்டாட்டி எந்திரிச்சு மேடைக்குப் போனா. மைக்கை அவ உயரத்துக்குத் தானே திருகி இறக்கினா. அது எங்கே கத்துக்கிட்டான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. “எங்க வீட்டுக்காரரைக் கேக்காம எழுதிட்டேன். அவர்தான் இதைத் தேர்ந்தெடுத்தார், ஒரு வரியைக்கூட மாத்தக்கூடாதுன்னு சொன்னார்னு கேள்விப்பட்டேன். அவருக்கு நன்றி”ன்னா. மறுபடியும் சிரிப்பு, கைதட்டல். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க சார். என் சாவுக்கு ஒரு தடவைகூட யாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டினதில்லை.

வீட்டுக்கு வந்தோம். அவ புடவையை மாத்திட்டு வந்து காபி வச்சா. நான் கேட்டேன்.

“ஏன் நீலா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே.”

“எப்ப சொன்னே?”

“மூணு தடவை சொல்ல வந்தேன். நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க.”

“ஊர் முன்னாடி என்னைக் கோமாளி ஆக்கிட்டே.”

“நீங்க ரசிச்சுச் சிரிச்சீங்களே. கண்ணைத் தொடச்சுக்கிட்டு. அதைப் பார்த்தப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு.”

“அது ரத்தினம்னு நெனைச்சு சிரிச்சேன்!”

அவ தம்ளரை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா. நான் விடல. பின்னாடியே போனேன். “முதல் விஷயம், என் பேர் இருக்கற கழகத்துல என்னைக் கேக்காம நாடகம் அனுப்பினது தப்பு. ரெண்டாவது விஷயம்...”னு ஆரம்பிச்சேன். அவ என் கையைப் பார்த்தா. நானும் பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி இருக்கு. கையை இறக்கிட்டேன்.

கடைசியா இறங்கி வந்து கேட்டேன் சார். “சரி, நாடகம் நடக்கட்டும். அந்த உப்பு வசனத்தை மட்டும் எடுத்துடு.”

கொஞ்ச நேரம் யோசிச்சா. நெசமாவே யோசிச்சா. அப்புறம், “அங்கதாங்க ரொம்பச் சிரிச்சாங்க. அதை எடுத்தா அந்தக் காட்சியே நிக்காது”ன்னா. என்னமோ டைரக்டர்கிட்ட பேசற மாதிரி.

திருச்சியில இருக்கற பொண்ணுக்கு போன் போட்டேன். மங்கைன்னு பேரு. நான் வளர்த்த பொண்ணு, எனக்காகப் பேசுவான்னு நம்பினேன். “அப்பா, அதை முதல்ல படிச்சதே நான்தான்பா. உப்பு சீன் நான்தான் ஞாபகப்படுத்தினேன்”ங்கறா. போனை வச்சுட்டேன்.

மறுநாள் காலையில ஸ்டுடியோவுக்குப் போனேன். “டேய் ரத்தினம், அந்த நாடகத்தை நிறுத்து”ன்னேன். அவன் கமிட்டி நோட்டை எடுத்து நான் எழுதின பக்கத்தைத் திருப்பி என் முன்னாடி வச்சான்.

“இது நீ எழுதினதுதானே?”

“அவதான் எழுதினான்னு உனக்குத் தெரியும். பேரை எடுத்துட்டு நம்பர் போட்டது நீதானே? தெரிஞ்சே என்னைப் பலி போட்டிருக்கே.”

“பேரே போடாமத்தான்டா கவர் வந்துச்சு. நோட்டைத் திறந்தவுடனே தெரிஞ்சுக்கிட்டேன். முப்பது வருஷமா உன் வீட்டுப் பொங்கல் வாழ்த்து அவங்கதானே எழுதறாங்க? நீ கண்டுபிடிச்சுடுவே, கண்டுபிடிச்சு நீயே வேணாம்பேன்னு நெனைச்சேன். அந்த இருபத்திமூணுல யார் யாரையோ கண்டுபிடிச்சுட்டேன்னு சொன்னே. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலடா.”

அவ பேனாவை மாத்திட்டா சார். முன்னெல்லாம் கறுப்பு மசியிலதான் எழுதுவா. மசி மாறினா எழுத்தோட வாகே மாறிப்போயிடும், தபால் ஆபீஸ்ல இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. அதை ரத்தினத்துக்கிட்டயும் சொன்னேன். அவன், “டீ சொல்லட்டுமா?”ன்னான். அன்னிக்குத்தான் ராஜிநாமா.

அதுலேர்ந்து நான் வீட்ல பேசறதில்லை. ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்கு உறைக்கட்டும்னு. முதல் ரெண்டு நாள் ஒத்திகைக்குப் போறதும் வர்றதுமா இருந்தா, கவனிச்சதாவே தெரியல. மூணாம் நாள், “தொண்டை கட்டிக்கிச்சா?”ன்னு மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தா. குடிச்சேன். என்ன பண்றது, நல்லாத்தான் இருந்துச்சு. சாம்பார்ல ஒருநாள் உப்பே இல்லை. எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு சார். முழுங்கிட்டேன். அப்படியே சாப்பிட்டு எந்திரிச்சேன். அந்த ஒரு நாள் நான் எவ்வளவு பெரிய காரியம் செஞ்சேன்னு அவளுக்குத் தெரியுமா? அதையெல்லாம் நாடகத்துல எழுத மாட்டா.

இதுவரைக்கும் சொன்னதாவது ஒரு மாதிரி, ஆறிடும்னு வச்சுக்குங்க. நேத்திக்கு நடந்ததுதான் சார் ஆறல.

போர்டுல நாலாவது பாருங்க. ‘கடற்கரை மெஸ்’. பாட்டு நாடகம், எழுதியவர் நீலாயதாட்சி. என் பேர்கூட பின்னாடி கிடையாது, வெறும் நீலாயதாட்சி. முன்னோட்டம் முடிஞ்ச மறுவாரம், வேற ஒருத்தரோட நாடகம் சரியா வரலைன்னு அதை எடுத்துட்டு, இவகிட்ட கேட்டு வாங்கிப் போட்டிருக்காங்க. ஏற்கெனவே எழுதி வச்சிருக்கா. எத்தனை எழுதி வச்சிருக்காளோ.

நேத்து காலையில அவ ஒத்திகைக்குக் கெளம்பினதும் மேசை மேல அந்த நோட்டு இருந்துச்சு. மறைச்சுக்கூட வைக்கல. இதுல என்னென்ன எழுதியிருக்காளோ. நான் தூங்கறது, நான் குளிக்கறது, பொண்ணு கல்யாணத்துல சம்பந்தியோட சண்டை போட்டது, ப்ரமோஷன் வராதப்ப ரெண்டு நாள் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தது. எல்லாம் தெரிஞ்சவ சார் அவ. அவகிட்டதானே எல்லாம் இருக்கு. சிவப்புப் பேனா ஒண்ணு எடுத்துக்கிட்டேன். என்னைப் பத்தி வர்ற ஒவ்வொரு வரிக்கும் அடியில கோடு போட்டு, ரத்தினம் முன்னாடி கொண்டுபோய் வைக்கறதுன்னு உக்காந்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை மெஸ் நடத்தறா. அவகூட ரெண்டு சிநேகிதிங்க, அப்புறம் மீன்கார அம்மா ஒருத்தி, படகு பழுது பார்க்கற கிழவர் ஒருத்தர். சமைக்கறாங்க, பாடறாங்க, சண்டை போட்டுக்கறாங்க, புயல் வருது, கூரை போகுது, மறுபடி கட்டறாங்க. அந்தக் கிழவரா நான்னு பார்த்தேன். இல்லை, அவர் கேட்டுக்கிட்டே இருக்கற மனுஷன், பேசவே மாட்டாரு. சாப்பிட வர்ற ஆபீசர் ஒருத்தர் வர்றாரு, சரி மாட்டினோம்னு பேனாவைத் திறந்தேன். அவர் சாப்பிட்டுட்டு, நல்லாருக்கும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

எண்பத்தாறு பக்கம் சார். ஒரே மூச்சுல படிச்சேன். எங்கேயும் நான் இல்லை.

அந்தப் பொம்பளைக்குப் புருஷனே இல்லை. விட்டுட்டுப் போனான்னு எழுதல. குடிகாரன்னு எழுதல. செத்துப்போனான்னுகூட எழுதல. சுவத்துல ஒரு படம் மாட்டி, அதுக்கு ஒரு பூ வச்சிருக்கலாம்ல? பாட்டுல ஒரு வரியாவது, ‘அவர் இருந்தப்ப’ன்னு வந்திருக்கலாம்ல? அப்படி ஒருத்தன் இருந்தான்ங்கற நெனைப்பே இல்லாம எண்பத்தாறு பக்கம் அவ பாட்டுக்குச் சந்தோஷமா இருக்கா சார்.

சிவப்புப் பேனாவை மூடி வச்சுட்டேன். நோட்டை இருந்த இடத்துலயே இருந்த மாதிரி வச்சேன்.

மத்தியானம் வந்தா. நோட்டு நகர்ந்திருக்கறதைப் பார்த்திருப்பா போல. “படிச்சீங்களா?”ன்னா. பன்னெண்டு நாளா பேசாதவன், என்ன சொல்றது? தலையாட்டினேன்.

“எப்படி இருக்கு?”ன்னு கேட்டா.

கேட்டுட்டு நின்னா சார், பையைக்கூடக் கீழே வைக்காம. என் வாயையே பார்த்துக்கிட்டு. ஐப்பசியில கரண்டியோட நின்னாளே, அதே மாதிரி.

நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். உண்மையிலேயே நல்லாருக்கு, பொய் சொல்லக்கூடாது. இருபத்திமூணு வருஷத்துல நான் போட்ட எதைவிடவும் நல்லாருக்கு. அதை நான் அவகிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்றேன், யார்கிட்டயும் போய்ச் சொல்லிடாதீங்க.

“சரிங்க”ன்னு உள்ளே போயிட்டா. கொஞ்ச நேரத்துல அவ பாடற சத்தம் கேட்டுச்சு. அந்த நாடகத்துப் பாட்டு. முப்பத்தோரு வருஷத்துல அவ பாடி நான் கேட்டதில்லை. பாடியிருக்கலாம். நான் கவனிச்சதில்லைன்னு நீங்க சொல்லுவீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா கூட இருந்தே ஒருத்தனை இப்படி ஓசைப்படாம எடுத்து வெளியில வைக்கலாமா? கேலி பண்ணினாளே, அதுக்கு ஊரையே கூட்டிவச்சு நான் சண்டை போடலாம். இதுக்கு யார்கிட்ட போய் என்னன்னு முறையிடறது? எம் பொண்டாட்டி கதையில நான் இல்லைன்னா?

அதோ, கவுண்டர் பலகையைத் தூக்கறாங்க. போங்க சார், முதல் ஆளா போய் நில்லுங்க. உள்ளே இருக்கறது ஜபருல்லாவோட தங்கச்சி மகள், சில்லறை சரியா வச்சிருக்க மாட்டா.

ஒரு உபகாரம். எனக்கும் ஒரு டிக்கெட் சேர்த்து வாங்குங்க. நான் போய்க் கேட்டா நாளைக்கு ஊர் பூரா தெரிஞ்சுடும். சீசன் டிக்கெட் வேணாம். ‘தலைவர் வீட்டில் இருக்கிறார்’ ஒண்ணு மட்டும். முன்வரிசையில இருந்தா நல்லது.

கடற்கரை மெஸ்ஸுக்கா? அது வேணாம் சார். நீங்க பாருங்க, குடும்பத்தோட பாருங்க, நல்ல நாடகம். எனக்குத்தான் அதுல தெரிஞ்சவங்க யாரும் இல்லை.